சாணம் நாறாமல், கிருமி பரவாமல்: பெங்களூரில் மாடு வைத்திருப்போருக்கு முழு வழிகாட்டி

கே.ஆர்.புரம் தாண்டி எங்கள் கொட்டகை. அப்பா திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு மாட்டோடு ஆரம்பித்தபோது சுற்றிலும் ராகிக் கொல்லை. இப்போது மாடு ஒன்பது, மூன்று பக்கமும் அடுக்குமாடி. மாடு அடுக்குமாடிக்கு முன்னாலேயே இங்கே இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம் அந்த வாதம் எடுபடாது.

"என்னங்கண்ணா, ஜன்னலத் தொறந்தா கண்ணு எரியுது" என்று எதிர்ச் சந்து அக்கா ஒருநாள் வந்து சொன்னார். பதறிப்போய் இரண்டு மூட்டை சுண்ணாம்பு வாங்கி வந்து குப்பைமேட்டின் மேல் கொட்டிக் கிளறினேன். சுண்ணாம்பு நாற்றத்தைக் கொல்லும் என்பது எங்கள் வீட்டுப் பழைய நம்பிக்கை. அரை மணியில் கிளம்பிய நெடியில் மாடுகளே இருமின. மறுநாள் புகார் எழுத்திலேயே வந்துவிட்டது. அந்த வாரம்தான் இந்த விஷயத்தை முறையாகக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். ஐந்து முதல் இருபது மாடு வரை வைத்திருப்பவர்களுக்கு நான் செய்து பார்த்து நிலைத்த முறையை இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நாற்றத்தைப் போக்குவது ஒரு வேலை, கிருமியைக் கொல்வது வேறு வேலை. முதல் வேலை கொட்டகைத் தரையில், சாணம் விழுந்த சில மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். இரண்டாவது குவியலுக்குள், சூட்டாலும் நாட்களாலும் நடக்கும். நாற்றம் போன சாணத்தில் கிருமி சௌகரியமாக உயிரோடிருக்கும். கடையில் விற்கும் வாசனைத் தெளிப்பான்கள் முதல் வேலையையே பாதிதான் செய்யும், இரண்டாவது வேலையைத் தொடவே தொடாது.

நாற்றம் எங்கிருந்து வருகிறது

புதுச் சாணத்தைக் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். புல் வாசம்தான் தூக்கலாக இருக்கும். மூத்திரமும் புதிதாக இருக்கும்போது அவ்வளவு நெடி இல்லை. இரண்டும் கலந்த பிறகுதான் தொல்லை. மூத்திரத்தில் யூரியா இருக்கிறது, சாணத்தில் உள்ள நுண்ணுயிரிகளிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. இரண்டும் தரையில் சந்தித்தால் யூரியா உடைந்து அமோனியாவாகிறது. விடிகாலையில் கொட்டகைக் கதவைத் திறந்ததும் கண்ணில் குத்துவது அதுதான்.

இன்னொரு வகை நாற்றம் உண்டு. அழுகிய முட்டை, புளித்த வாந்தி மாதிரி. சாணம் தண்ணீரோடு குழியில் தேங்கி, காற்றுப் படாமல் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடும் கொழுப்பு அமிலங்களும் உண்டாகின்றன. அமோனியா நெடி என்றால் சாணமும் மூத்திரமும் பிரியவில்லை, இல்லை காய்ந்த பொருள் போதவில்லை. முட்டை நாற்றம் என்றால் காற்று போகவில்லை, ஈரம் அதிகம். என்ன நாற்றம் என்று பிரித்தறியத் தெரிந்தால் மருந்து தானாகத் தெரியும்.

என் சுண்ணாம்புக் கதைக்கும் இதுவே விளக்கம். குவியலில் அமோனியா முழுவதும் வாயுவாக இருப்பதில்லை. காரத்தன்மை குறைவாக இருக்கும்வரை பெரும்பகுதி அம்மோனியம் உப்பாகக் கரைந்து அடங்கியிருக்கும். சுண்ணாம்பு போட்டால் காரத்தன்மை எகிறும், அடங்கியிருந்ததெல்லாம் வாயுவாகிக் கிளம்பிவிடும். கிருமி சாகும் என்பது உண்மைதான், பி.எச். 12-க்கு ஏற்றினால் பெரும்பாலானவை சாகும். ஆனால் எருவின் தழைச்சத்தும் (நைட்ரஜன்) பக்கத்து வீட்டு நிம்மதியும் கூடவே போய்விடும். கழுவிக் காய்ந்த தரையில் மெல்லத் தூவ மட்டும் சுண்ணாம்பை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: தீவனத் தொட்டியைப் பாருங்கள்

சாணத்தைப் பற்றிய வழிகாட்டியில் தீவனம் எதற்கு என்று கேட்கலாம். பெங்களூரில் இது பெரிய விஷயம். இங்கே பாதிப் பேர் பீர் ஆலைக் கழிவை வண்டி வண்டியாக இறக்குகிறோம். மலிவு, பாலும் கூடும். ஆனால் அதில் புரதம் அதிகம். அதோடு புண்ணாக்கையும் கைதாராளமாகப் போட்டால் மாட்டால் பயன்படுத்த முடியாத புரதம் யூரியாவாகி மூத்திரத்தில் இறங்கும், தரையில் அமோனியாவாக எழும். காசு கொடுத்து வாங்கிய புரதத்தை நாற்றமாக விற்கிறோம் என்று அர்த்தம். பீர் கழிவைக் குறைத்து, காய்ந்த ராகித் தட்டையைக் கூட்டியபோது எங்கள் கொட்டகையில் காலை நெடி குறைந்ததை ஒரே வாரத்தில் உணர்ந்தேன். எவ்வளவு குறைக்கலாம் என்பதை உங்கள் மாட்டின் பால் அளவைப் பார்த்து கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அடுகோடியில் கால்நடைத் தீவனத்துக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, ஹெப்பாளில் கால்நடைக் கல்லூரி இருக்கிறது. கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 1927-ல் காந்தியே பெங்களூர்ப் பால்பண்ணை நிலையத்துக்கு வந்து மாடு வளர்ப்பு கற்றுக்கொண்டு போயிருக்கிறார்.

சாணத்தின் பதத்தையும் பாருங்கள். தரையில் விழுந்தால் வட்டமாக, நடுவில் சிறு குழியோடு நிற்க வேண்டும். தண்ணீராகத் தெறித்து, புளித்த வாடை அடித்தால் ஓட்டல் சோறோ மாவோ அதிகமாகிவிட்டது. அந்தச் சாணத்தைக் குவியலில் போட்டாலும் சரியாக வேகாது, அதாவது சூடேறி மட்காது. பீர் கழிவுத் தொட்டியையே இரண்டு நாள் கழுவாமல் விட்டால் அதுவும் தனியாக நாறும். பலர் சாணத்தைத் திட்டிக்கொண்டிருக்கும் நாற்றம் உண்மையில் அங்கிருந்து வருவதுதான்.

இரண்டாம் படி: தரையும் வாய்க்காலும்

மாடு நிற்கும் தரை பின்பக்கமாக நாற்பது அடிக்கு ஒரு அடி என்ற கணக்கில் சரிய வேண்டும். ஐந்தடி நீளத்துக்கு ஒன்றரை அங்குலம். அதற்கு மேல் சரித்தால் மாட்டுக்குக் கால் வலி, குறைத்தால் மூத்திரம் தேங்கும். சரிவின் முடிவில் ஓர் ஆழமில்லாத வாய்க்கால், அதன் முனையில் மூடி போட்ட தொட்டி. சிமெண்டுத் தரையில் குழி விழுந்திருந்தால் முதலில் அதைப் பூசுங்கள். உள்ளங்கை அளவுக் குழி போதும், நாள் முழுக்க அமோனியா காய்ச்சிக்கொண்டிருக்கும்.

ரப்பர் பாய் போட்டிருக்கிறீர்களா? வாரம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். எங்கள் கொட்டகையில் எவ்வளவு கழுவியும் ஒரு மூலையில் மட்டும் நெடி போகாமல் இருந்தது. பாயைத் தூக்கினால் கீழே கறுப்பாக, விரல் கனத்துக்குக் கூழ்.

வாருவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் காய்ந்தபடியே வாருங்கள், அப்புறம் தண்ணீர். நாம் வழக்கமாகக் குழாயைத் திறந்துவிட்டு எல்லாவற்றையும் வாய்க்காலில் தள்ளிவிடுகிறோம். அப்படிச் செய்தால் இரண்டு மணி நேர வேலை அரை மணியில் முடியும், உண்மைதான். ஆனால் சாணமும் மூத்திரமும் தண்ணீரும் கலந்த அந்தக் கூழை அதற்குப் பிறகு என்ன செய்தாலும் நாற்றம்தான். நீள் கைப்பிடி வைத்த ரப்பர் வைப்பரால் சாணத்தை இழுத்துப் பாண்டில் (இரும்புச் சட்டியில்) அள்ளிவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். காலை, மதியம், மாலை, படுக்கப்போகும்முன் ஒருமுறை என நாலு தடவை வாரினால் நாற்றப் பிரச்சினையில் பாதி முடிந்தது. இதை நான் மிகைப்படுத்தவில்லை. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

வாரிய ஈரத் தரையில் ஒரு மாட்டுக்கு ஒரு கைப்பிடி என்று ஜிப்சம் தூவலாம். மூத்திரத்தை உறிஞ்சும், தழைச்சத்தைப் பிடித்துவைக்கும், எருவுக்குச் சுண்ணாம்புச்சத்தும் கந்தகமும் சேரும். இதில் ஓர் ஆபத்து உண்டு. ஜிப்சம் கலந்த சாணத்தைக் காற்றில்லாத குழியிலோ கோபர் கேஸ் (சாண எரிவாயு) தொட்டியிலோ போடக்கூடாது. ஜிப்சத்தில் இருக்கும் சல்பேட்டை அங்குள்ள நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றிவிடும். திறந்த குவியலுக்கு மட்டும் ஜிப்சம்.

ப்ளீச்சிங் பவுடரை மூத்திரம் படிந்த தரையில் கொட்டவே கூடாது. குளோரினும் அமோனியாவும் சேர்ந்து குளோரமைன் வாயு உண்டாகும், நுரையீரலை எரிக்கும். கிருமிநாசினி போட வேண்டுமென்றால் நன்றாகக் கழுவி, தண்ணீர் வடிந்த பிறகு போடுங்கள். சாணம் ஒட்டிய தரையில் எந்தக் கிருமிநாசினியும் வேலை செய்யாது.

மூன்றாம் படி: மூத்திரமும் கழுவுநீரும்

தொட்டியில் சேரும் மூத்திரத்தை இரண்டு விதமாகக் கழிக்கலாம். பத்து மடங்கு தண்ணீர் கலந்து புல்லுக்குப் பாய்ச்சலாம், அல்லது குவியலில் காய்ந்த இலைமேல் ஊற்றி ஊறவிடலாம். மரத்தூள் அதிகம் போட்ட குவியலுக்கு மூத்திரம் அமிர்தம், ஏனென்றால் மரத்தூளில் கரி (கார்பன்) மட்டும்தான், தழைச்சத்து இல்லை.

கழுவுநீர் வேறு கதை. அதை முதலில் ஒரு தொட்டியில் தேக்கி, கசடு கீழே படிய விட்டு, தெளிந்ததை கல்வாழை நட்ட ஜல்லிப் பாத்தி வழியாக விட்டு, கோ-4 மாதிரித் தீவனப்புல்லுக்கு விடுங்கள். ராஜகாலுவேயில் (ஊரின் பெரிய மழைநீர்க் கால்வாயில்) மட்டும் விடாதீர்கள். பெல்லந்தூர் ஏரி நுரைத்ததையும் தீப்பிடித்ததையும் நாமெல்லாம் பார்த்தோம். அதற்குப் பெருங்காரணம் ஊர்ச் சாக்கடைதான், மாடு இல்லை. ஆனால் கால்வாயில் சாணம் மிதந்தால் முதலில் விரல் நீள்வது நம்மை நோக்கித்தான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பால்பண்ணைகளுக்கும் கோசாலைகளுக்கும் 2020-ல் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டு, 2021-ல் திருத்தியிருக்கிறது. சாணத்தையும் கழுவுநீரையும் வடிகாலில் விடக்கூடாது என்பது அதன் சாரம். அனுமதி விவரங்களை மாநில வாரிய அலுவலகத்தில் நேரில் கேட்டு, எழுத்தில் வாங்கிவையுங்கள்.

நான்காம் படி: குவியல்

இங்கேதான் கிருமி சாகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாணத்தில் ஈ.கோலை, சால்மொனெல்லா, லிஸ்டீரியா இருக்கக்கூடும். மாடு நன்றாக இருந்தாலும், சாணத்தில் மனிதனுக்கு நோய் தரும் ஈ.கோலை இருக்கலாம், மாட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. மாட்டுக்கு மாடு பரவும் ஜோன்ஸ் நோய்க் கிருமி சாணத்தில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். இவற்றில் பெரும்பாலானவை 55 டிகிரிச் சூட்டில் சில நாட்களில் அழியும். அந்தச் சூட்டை நாம் உண்டாக்க வேண்டியதில்லை. சரியான விகிதத்தில் கலந்து கொடுத்தால் நல்ல நுண்ணுயிரிகளே தின்று, பெருகி, சூடு கிளப்பும். அடுப்பு மூட்டும் வேலைதான் நம்முடையது.

ஒரு கலப்பின மாடு நாளைக்கு இருபது, இருபத்தைந்து கிலோ சாணம் போடும். ஒன்பது மாட்டுக்குச் சுமார் இருநூறு கிலோ. அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர். அப்படியே குவித்தால் பாறை மாதிரி அமுங்கி, காற்றுப் போகாமல் அழுகும். குவியலுக்கு ஏற்ற ஈரம் ஐம்பது முதல் அறுபது சதவீதம். கரியும் தழைச்சத்தும் இருபத்தைந்துக்கு ஒன்று, முப்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். ஆகவே காய்ந்த பொருள் சேர்த்தே ஆகவேண்டும். எடைக்கணக்கில் மூன்று நாலு பங்கு சாணத்துக்கு ஒரு பங்கு காய்ந்தது. பாண்டுக்கணக்கில் சொன்னால், இலை தளர்வாக இருப்பதால், ஒரு பாண்டு சாணத்துக்கு மூன்று பாண்டு இலை. பார்த்தால் 'இவ்வளவா?' என்று தோன்றும். இவ்வளவுதான். குவியல் சொதப்புவதற்கு முதல் காரணமே இலையில் கஞ்சத்தனம் பிடிப்பது.

எங்களுக்கு நாளைக்கு ஐம்பது, அறுபது கிலோ காய்ந்த பொருள் தேவை. மாடு தின்று கழித்த தட்டை கொஞ்சம், சித்தையா ரோடு மரக்கடைப் பக்கம் கிடைக்கும் மரத்தூள் கொஞ்சம், மிச்சமெல்லாம் இலை. ப்ளைவுட் தூளை வாங்காதீர்கள், அதில் பசை இருக்கும். இலைக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. அடுக்குமாடிக்காரர்கள் பெருக்கிச் சாக்கில் கட்டி வாசலில் வைத்திருப்பார்கள், எடுத்துப் போக ஆள் கிடைக்காமல் சிலர் கொளுத்துவார்கள். முதல்முறை நான் போய்க் கேட்டபோது செயலாளர் சந்தேகத்தோடு பார்த்தார். "இலை எதுக்குங்க உங்களுக்கு? மாடு திங்குமா?" என்றார். "சாணி திங்கும் சார்" என்றேன். இப்போது வாரம் இரண்டு தடவை அவர்களே போன் செய்கிறார்கள். பிளாஸ்டிக் கவர், பிஸ்கட் உறை எல்லாம் கலந்திருக்கும், பொறுக்கி எடுக்கத்தான் வேண்டும்.

அடுக்கும் முறை: தரையில் ஒரு முழ உயரத்துக்குக் கரடுமுரடான தட்டை அல்லது குச்சி. கீழிருந்து காற்று ஏற அதுதான் வழி. அதன்மேல் சாணத்தையும் இலையையும் மாற்றி மாற்றிப் போடுவதைவிடக் கலந்தே போடுங்கள். குவியல் இரண்டு மீட்டர் அகலம், மார்பளவு உயரம். ஒரு மீட்டருக்குக் கீழே இருந்தால் சூடு நிற்காது, ஆளுயரத்துக்கு மேல் போனால் அடிப்பகுதி அமுங்கிவிடும். ஒன்பது மாட்டின் ஒருவாரச் சாணம் இந்த அளவில் சுமார் இரண்டு மீட்டர் நீளக் குவியலாகும். ஒரு வாரம் நிரப்பி மூடிவிடுங்கள். மூடிய குவியலில் அதன்பிறகு ஒரு பிடி புதுச் சாணமும் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் மொத்தக் குவியலுக்கும் நாட்கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அடுத்த வாரம் அடுத்த குவியல். ஒன்பது மாட்டுக்கு ஒரு குண்டே (1,089 சதுர அடி) இடம் இருந்தால் நிம்மதியாகச் சுழற்றலாம். ஒரு மாதத்தில் குவியல் பாதியாக வற்றும், அப்போது ஒரே வயதுள்ள இரண்டை ஒன்றாக்கிவிடலாம்.

ஈரம் பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிய வேண்டும். ஒழுகினால் இலை போடுங்கள், உதிர்ந்தால் மூத்திரமோ தண்ணீரோ தெளியுங்கள்.

இப்போது என் வழிகாட்டியிலேயே மிக மலிவான சூட்சுமம். குவியலின் மேல் முழுக்க ஒரு சாண் கனத்துக்குப் பழைய, முடிந்த எருவைப் போர்த்துங்கள். உள்ளிருந்து வரும் வாயு அந்தப் போர்வை வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் அமோனியாவையும் மற்றதையும் பிடித்துத் தின்றுவிடும். ஈயும் புதுச்சாணத்தில் முட்டையிட முடியாது. முதல் முறை மட்டும் பழைய எரு இருக்காது, தெரிந்தவர்களிடம் நாலு மூட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: சூடும் திருப்பலும்

நீளக் கம்பி வைத்த வெப்பமானி கிடைத்தால் வாங்குங்கள். இல்லையென்றால் நாலடி இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவரை சொருகி பத்து நிமிஷம் கழித்து உருவுங்கள். முனையைக் கையில் பிடித்து ஐந்து எண்ணுவதற்குள் விட்டுவிடத் தோன்றினால் 55-ஐ ஒட்டிச் சூடு இருக்கிறது. வெதுவெதுப்பாகச் சும்மா பிடித்திருக்க முடிந்தால் போதாது. சரியாகக் கலந்த குவியல் இரண்டு, மூன்று நாளில் ஏறிவிடும்.

கணக்கு இதுதான்: 55 டிகிரிக்குக் குறையாத சூட்டில் பதினைந்து நாள், அதற்குள் குறைந்தது ஐந்து முறை திருப்பிப் போட வேண்டும். அமெரிக்காவில் திறந்த குவியல் முறைக்கு வகுத்த அளவுகோல் இது, நாமும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஐந்து முறை எதற்கு? குவியலின் நடுப்பகுதி வேகும்போது தோலும் அடியும் பச்சையாகவே இருக்கும். பத்து விரற்கடைப் புறத்தோலில் பிழைத்த சால்மொனெல்லா, சூடு தணிந்ததும் உள்ளே வந்து மறுபடி பெருகும். அதனால் திருப்பும்போது வெறுமனே கிளறாமல், வெளிப்புறத்தைச் சுரண்டிப் புதுக் குவியலின் நடுவில் போட்டு, பழைய நடுப்பகுதியை அதன்மேல் மூடுங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை திருப்பினால் கணக்கு சரியாக வரும். வீட்டு ஈ முட்டையிலிருந்து ஈயாக ஏழு முதல் பத்து நாள் ஆகும், அந்தச் சங்கிலியும் இதில் அறுந்துவிடும்.

மார்கழிக் காலையில் திருப்பிப் பாருங்கள். மண்வெட்டி உள்ளே போனதும் ஆவி ஆளுயரத்துக்கு எழும். நடுவில் சாம்பல் தூவியதுபோல வெளுத்த இழைகள் தெரியும். பூஞ்சணம் பிடித்துக் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள், அது நல்ல சூட்டில் வேலை செய்யும் நுண்ணுயிரி. ஆனால் வெளுப்பு மிகுந்து பொடியாக இருந்தால் ஈரம் வற்றிவிட்டது, தண்ணீர் தெளிக்க வேண்டும். சூடு எழுபதை நெருங்கினால் நல்ல நுண்ணுயிரியும் வெந்துபோகும், உடனே திருப்பி ஆற்றுங்கள்.

திருப்பும் நேரத்தில்தான் நாற்றம் கிளம்பும். அதனால் நேரம் பார்க்க வேண்டும். காலை பத்துக்கு மேல், மதியம் மூன்றுக்குள். வெயில் ஏறிய நேரத்தில் தரைக்காற்று சூடாகி மேலே எழும், வாடையும் கலைந்துபோகும். பொழுது சாய்ந்த பிறகு காற்று தரையோடு படுத்துக்கொள்ளும், கிளப்பிய வாடை விடியும்வரை சந்துக்குள்ளேயே சுற்றும். எங்கள் ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்தும், டிசம்பர், ஜனவரியில் கிழக்கிலிருந்தும் காற்று அடிக்கும். குவியல் போடும் இடத்தை அதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

மழைக்குத் தார்ப்பாய். முழுக்க இறுக்கிக் கட்டினால் காற்று போகாது, முகட்டில் ஒரு மூங்கில் வைத்துக் கூடாரம்போலத் தூக்கிக் கட்டி இரு முனையையும் திறந்துவிடுங்கள். செப்டம்பர், அக்டோபர் மழையில் மூடாத குவியலின் அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் ஓடும். அது வேகாத சாணத்தின் சாறு, அத்தனை கிருமியும் அதில் இருக்கும். சுற்றிலும் சிறு வரப்பு கட்டி அதைப் பிடித்துக் குவியலிலேயே ஊற்றுங்கள்.

மண்வெட்டி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், புதுச்சாணத்துக்கு ஒன்று, முடிந்த எருவுக்கு ஒன்று. எங்களிடம் எருவுக்கானதன் பிடியில் சிவப்புப் பெயிண்ட். இரண்டு மாதம் வேகவைத்த எருவை, காலையில் பச்சைச் சாணம் அள்ளிய மண்வெட்டியால் மூட்டை கட்டினால் அத்தனை பாடும் வீண்.

வெல்லம் போட்டு வளர்க்கும் நுண்ணுயிர்க் கரைசல்களைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். காசியாபாத்தில் உள்ள தேசிய இயற்கை வேளாண் மையத்தின் வேஸ்ட் டீகம்போசரை இருநூறு லிட்டர் தண்ணீரில் இரண்டு கிலோ வெல்லத்தோடு வளர்த்து நானும் தெளித்தேன். மட்குவது கொஞ்சம் சீக்கிரமானதுபோல இருந்தது. கெடுதல் இல்லை, செலவும் அதிகமில்லை. ஆனால் அதைத் தெளித்துவிட்டதால் சூடும் திருப்பலும் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆறாம் படி: ஆறவிடுதல், சோதித்தல்

திருப்பியும் சூடு ஏறாத நிலை வந்ததும் ஒன்றரை, இரண்டு மாதம் ஆறப்போடுங்கள். முடிந்ததா என்று பார்க்க, ஈரமான ஒரு கைப்பிடி எருவை ஜிப் கவரில் காற்றுப் புகாமல் மூடி மூன்று நாள் வீட்டுக்குள் வையுங்கள். திறந்ததும் மழை மண் வாசம் வந்தால் சரி. அமோனியாவோ புளிப்போ அடித்தால் இன்னும் ஆகவில்லை. கூடவே ஒரு தொட்டியில் பத்துப் பச்சைப்பயறு ஊன்றிப் பாருங்கள், வேகாத எருவில் முளை கருகும்.

இவை மட்கியதைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. மூட்டை கட்டி விற்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆய்வகத்தில் கோலிஃபார்மும் சால்மொனெல்லாவும் பார்க்கக் கொடுங்கள். சூட்டையும் திருப்பிய தேதியையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தால், புகார் விசாரிக்க வருபவரிடமும் அதைக் காட்டலாம். நான் காட்டியிருக்கிறேன், அதைப் பார்த்த பிறகு பேச்சின் தொனியே மாறியது.

இடமே இல்லாதவர்களுக்கு

கோபர் கேஸ். ஒரு கன மீட்டர் வாயுவுக்கு நாளைக்கு இருபத்தைந்து கிலோ சாணம், சம அளவு தண்ணீர். இரண்டு கன மீட்டர்க் கலன் ஒரு குடும்பத்தின் சமையலுக்குப் போதும், ஐம்பது கிலோ சாணத்தை விழுங்கும். உள்ளே சுமார் நாற்பது நாள் இருந்து வெளிவரும் கழிவுக்கூழில் நாற்றம் வெகுவாகக் குறைந்திருக்கும், ஏனென்றால் நாறக்கூடிய அமிலங்களையே நுண்ணுயிரிகள் மீத்தேனாக்கிவிடுகின்றன. ஆனால் கிருமி குறையத்தான் செய்யும், முழுதாக அழியாது. நம் ஊர்த் தட்பவெப்பத்தில் கலனுக்குள் 55 டிகிரி வராது. ஆகவே கூழை இலையோடு கலந்து குவியலில் ஏற்றுங்கள்.

சாணக்குழி, கலன் எதுவானாலும் ஆள் உள்ளே இறங்கக்கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு குறைவாக இருக்கும்போதுதான் முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்து வாடையே தெரியாது. நாற்றம் இல்லையே என்று இறங்கியவர் விழுவார், தூக்கப் போன இரண்டாமவரும் விழுவார். விழுந்தவரைக் காப்பாற்றவும் இறங்காதீர்கள், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

குவியலில் போடக்கூடாதவை, கைக்காவல்

கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடி, செத்துப் பிறந்த கன்று எதுவும் குவியலுக்குப் போகக்கூடாது. புருசெல்லோசிஸ் என்ற கருச்சிதைவு நோய் மனிதனுக்கும் ஒட்டும். கையுறை போட்டு, ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள், நாய் தோண்டாதபடி மேலே கல் வையுங்கள். மருத்துவருக்கும் சொல்லுங்கள். மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், காலில் புண்ணோடு வெறுங்காலில் வாராதீர்கள். பூட்ஸும் டெட்டனஸ் ஊசியும் வேலை செய்பவருக்கு நீங்கள் தரவேண்டியவை, அவர் கேட்டு வாங்க வேண்டியவை அல்ல. டெட்டனஸ் வித்து குவியல் சூட்டிலும் சாகாது.

எரு வாங்க வருபவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். மாலூர், ஹொஸ்கோட்டைப் பக்கத்துக் கீரைக்காரர்கள் அவசரத்துக்குப் பச்சைச் சாணமே கேட்பார்கள். கொத்தமல்லி, புதினா, கேரட் எல்லாம் பச்சையாகத் தின்பவை. வேகவைக்காத சாணம் போட்டால், மண்ணில் படும் காய்கறிக்கு அறுவடைக்கு 120 நாள் முன்னாலும், படாததற்கு 90 நாள் முன்னாலும் போட்டிருக்க வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. கொத்தமல்லிப் பயிரே நாற்பது, ஐம்பது நாள்தான். கணக்கு அவர்களுக்கே புரிந்துவிடும், வெந்த எருவை எடுத்துப் போவார்கள்.

நாளையே தொடங்குவதென்றால் முதலில் இலைச்சாக்கு சேருங்கள். பிப்ரவரி, மார்ச்சில் தூங்குமூஞ்சி மரங்கள் கொட்டும்போது கூரைக்கடியில் நூறு சாக்காவது அடுக்கிவிடுங்கள். ஜூன் மழையில் நனையாத இலை எந்தத் தெருவிலும் கிடைக்காது.